புயல் அறுத்த கரைவழிக்கு யாரிடம் நிதி கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

காவிரிப் படுகை மாவட்டங்களில் ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் நடப்பவர்களிடமிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. புயலிலும் பெருமழையிலும் அறுந்துபோன பாதைகளைச் சீர்செய்ய அரசிடம் எப்படி நிதி கேட்பது என்பதே எல்லாவற்றிலும் உள்ள கேள்வி. ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் சில நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாமணியாற்றுக் கரையில் நெடுந்தொலைவு நடப்பவர்கள். பல இடங்களில் மரம் சாய்ந்தும் மண் சரிந்தும் வழி அறுந்து கிடக்கிறது. அமெரிக்காவில் புயலால் சிதைந்த மலைப்பாதைகளைச் சீரமைக்க நிதி ஒதுக்குமாறு நடைப்பயணிகளே மக்கள் பிரதிநிதிகளை நேரில் சந்தித்து வலியுறுத்துகிறார்கள் என்று படித்தோம். நாங்களும் எங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் அவ்வாறு கேட்கலாமா?
– நடைக்குழு நண்பர்கள், மன்னார்குடி

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அங்கே அவர்களுடைய கோரிக்கைக்குக் கால் ஊன்ற ஓர் இடம் இருந்தது என்பதையும், இங்கே அந்த இடத்தை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும் என்பதையும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் ஃப்ளோரிடாவில் கரையேறி, கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரில் பெருமழையைக் கொட்டியது. ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டருக்குச் செல்லும் அப்பலாச்சிய நடைபாதையின் தென்பகுதி அதில் கடுமையாகச் சிதைந்தது. டென்னசி மாநிலத்து எர்வின் ஊரருகே நோலிச்சக்கி ஆற்றைக் கடக்கும் பாலம் அடித்துச் செல்லப்பட்டதால், அடுத்த ஆண்டு நடைப்பயணிகளை அக்கரை சேர்க்கப் படகு விட வேண்டியதாயிற்று. வர்ஜீனியாவில், பழைய ரயில் தடத்தில் அமைந்த 34 மைல் நீளமுள்ள கிரீப்பர் பாதையில், டமாஸ்கஸ் என்ற சிற்றூருக்கு மேலுள்ள ஏறத்தாழப் பாதி, பாலங்களோடு சேர்ந்து போயிற்று. அந்த ஊரில் விடுதி நடத்துபவர்களும் மிதிவண்டியை வாடகைக்கு விடுபவர்களும் அப்பாதையை நம்பியே பிழைப்பவர்கள் என்பதால், சீரமைப்பு அவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கோரிக்கையாகவே இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய நிவாரணச் சட்டத்தில், பேரிடர் உதவிக்கென ஒதுக்கிய ஏறத்தாழ 10,000 கோடி டாலரில் ஒரு பங்கு வனத்துறைக்கும் சென்றது.

அப்பலாச்சியப் பாதைக்கு 1968ஆம் ஆண்டின் தேசிய நடைபாதைகள் சட்டப்படி பெயரும் எல்லையும் பொறுப்பேற்கும் துறையும் உண்டு. அதைப் பராமரிக்கும் ஏறத்தாழ முப்பது தன்னார்வச் சங்கங்களுக்கு எந்த இடத்தில் எத்தனை மரம் விழுந்தது, எந்த வளைவில் மண் சரிந்தது என்பது அத்துப்படி. ஆகவே உறுப்பினரின் மேசைக்கு அவர்கள் கொண்டுபோவது அளந்து எழுதிய கணக்கு.

நம் கரைவழிக்கு அப்படி ஒரு சட்டப் பெயர் கிடையாது. பாமணியாற்றுக் கரை என்பது நீர்வளத்துறையின் ஏட்டில் வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரை மட்டுமே. அதன் மேல்தளத்தில் நீங்கள் நடக்கும் வழி, லஸ்கரும் (ஆற்றையும் மதகையும் கவனிக்கும் நீர்வளத்துறைப் பணியாளர்) பொறியாளரும் கரையைப் பார்வையிட்டு வருவதற்காக விடப்பட்ட தடம். எனவே நீங்கள் “நடைபாதை வேண்டும்” என்று மனு எழுதினால், அது தம் வேலை அன்று என்று அத்துறை திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திருப்புவதில் தவறும் இல்லை. “இன்ன இடத்தில் கரையின் மேல்தளம் சரிந்து அகலம் குறைந்துவிட்டது, அடுத்த வெள்ளத்தில் உடைப்பு ஏற்படக்கூடும்” என்று எழுதினால், அதே துறை அதைத் தள்ளிவைக்க முடியாது. கரை சீரானால் வழி தானாகச் சீராகும். நடப்பவர்களுக்கு வேண்டியது அதற்கு மேல் அதிகமில்லை.

கரைகளில் புயல் விட்டுச்செல்லும் சேதம் எப்படிப்பட்டது என்பதையும் சற்று விளக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது, தென்னந்தோப்புகளின் இழப்பே செய்தியாயிற்று. கரைகளில் நின்ற மரங்களைப் பற்றிப் பேச்சில்லை. கரையோரத்துப் பெருமரம் ஒன்று வேரோடு சாயும்போது, வேர்ப்பிடியில் இருந்த மண் முழுவதையும் பெயர்த்துக்கொண்டு வருவதால், ஓர் ஆள் இறங்கி நிற்குமளவு குழி விழுகிறது. மரத்தை அறுத்து எடுத்துச் செல்ல ஆள் வருவார்கள். குழியை மூட வருவதில்லை. மழைநீர் அதில் தேங்கிக் கரையின் நடுப்பகுதியை ஊறவைக்கும். மண்ணுக்குள் அறுந்து நின்ற வேர்கள் மட்கியபின் அவை இருந்த இடம் பொந்தாகி, எலியும் நண்டும் அதை அகலப்படுத்தும். சில ஆண்டுகள் கழித்து ஆறு நிரம்பி ஓடும்போது அந்த இடத்தில்தான் கசிவு தொடங்கும். நடப்பவர்கள் சுற்றிக்கொண்டு போகும் குழியும் உடைப்பு எடுக்கும் இடமும் ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். உங்கள் கோரிக்கைக்கு இதைவிட வலுவான வாதம் கிடையாது.

கேள்வி: நாங்கள் நடக்கும் வழி ஆற்றுக்கரையிலிருந்து இறங்கி, ஒரு கிளை வாய்க்காலை ஒட்டிச் சென்று, ஒரு தோப்பைக் கடந்து அடுத்த ஊரைச் சேர்கிறது. இதில் எது யாருடையது என்பதை எப்படி அறிவது?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஒரே வழியில் மூன்று உடைமைகள் இருப்பது படுகையில் சாதாரணம். ஊரின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே அது பட்டா நிலமா, புறம்போக்கா, புறம்போக்கானால் ஆறா வாய்க்காலா பாதையா என்ற வகைப்பாடு இருக்கும். அந்த ஏட்டையும் புலப்படத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். வருவாய்த்துறையின் இணையச் சேவையிலும் புல எண்ணைக் கொடுத்துப் பார்வையிடலாம். ஆறு, வாய்க்கால் என்று இருந்தால் நீர்வளத்துறை. ஊராட்சிப் பாதை என்று இருந்தால் ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும்.

தோப்புக்குள் செல்லும் பகுதி பட்டா நிலமாக இருந்தால் அரசு நிதி அங்கே நுழையாது. நெடுங்காலமாக ஊரார் நடந்து வந்த வழிக்குச் சட்டத்தில் உரிமை கோர இடம் உண்டென்றாலும், அதை நீதிமன்றத்தில் நிறுவிக்கொண்டிருப்பதைவிட உரிமையாளரிடம் பேசி வேலியோரமாக வழி விடச் செய்வதே நடைமுறைக்கு உகந்தது. அந்தத் துண்டை மனுவில் சேர்க்காதீர்கள். அரை ஏக்கர் தோப்புத் தகராறினால் மூன்று கிலோமீட்டர் கோரிக்கையும் கிடப்பில் போகும்.

கேள்வி: ஆற்றங்கரையில் பொழுதுபோக்காக நடப்பவர்களுக்கு வழி செய்து கொடுக்க அரசுப் பணம் எதற்கு? பயிருக்கே நிவாரணம் முழுதாகக் கிடைக்காத பகுதி இது.
– வாசகி, வலங்கைமான்

பதில்: கேள்வி நியாயமானது. மனு எழுதும் நடைக்குழுவினர் ஒவ்வொருவரும் இதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட பிறகு பேனாவை எடுப்பது நல்லது.

காலை நடைக்கு வருபவருக்குக் கரை அறுந்தால் அவர் வேறு பக்கம் நடந்துகொள்வார். அப்படித் திரும்ப வழியில்லாதவர்களே கரையை அதிகம் பயன்படுத்துபவர்கள். நடவுக் காலத்தில் நாற்றங்காலிலிருந்து நாற்றுமுடிகளைத் தலையில் சுமந்து வரும் பெண்கள், கரை சரிந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு கையால் சுமையையும் மறு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டு வழுக்கும் களிமண்ணில் ஏறுவதைப் படுகையில் பார்க்காதவர்கள் குறைவு. அந்த வழியாகத்தான் பள்ளிப் பிள்ளைகள் அக்கரைக்குப் போகிறார்கள். சுடுகாட்டுக்குப் பாடை செல்வதும் பல ஊர்களில் கரைவழியே. மழைக்காலத்தில் இறப்பு நேர்ந்தால் பாடையைச் சுமப்பவர்கள் படும் பாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

ஆகவே மனுவில் முதற்கையெழுத்து இவர்களுடையதாக இருக்கட்டும், நடைக்குழுவினரின் கையெழுத்து அதன் கீழே வரட்டும் என்பதே எம் கருத்து. அலுவலகங்களுக்கு நடையாய் நடக்கக் கூலி இழக்க வேண்டியிராத ஓய்வும், அளவு எடுத்துப் படம் பிடித்து எழுதிக் கொடுக்கும் திறமும் நடைக்குழுவினருக்கு உண்டு. அந்த ஓய்வை ஊருக்காகச் செலவழித்தால், பொழுதுபோக்கு என்ற பேச்சுக்கு இடமிராது.

கேள்வி: சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியிலிருந்தே இதைச் செய்துவிட முடியாதா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஒரு பகுதியைச் செய்யலாம். தமிழ்நாட்டில் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் உண்டு. உறுப்பினர் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர். நிலையான பொதுச் சொத்தை உருவாக்குவதே இந்நிதிகளின் முதன்மை நோக்கம் என்பதால், பழுதுபார்ப்பும் பராமரிப்பும் இவற்றில் எளிதாக நுழைவதில்லை. எனவே வாய்க்காலின் குறுக்கே சிறு நடைப்பாலம், இடிந்த கண்ணாறுக்கு (வழியின் அடியே நீர் செல்லும் சிறு பாலம்) பதிலாகப் புதிய கண்ணாறு போன்றவற்றை உறுப்பினரிடம் கேளுங்கள். மூங்கில் பாலத்தை நம்பியிருக்கும் இடங்களுக்கு இது மிகவும் பொருந்தும். கரையில் மண் நிரப்பும் வேலையை அவரிடம் கேட்டுப் பயனில்லை.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் சேதமடைந்த கட்டமைப்புகளை உடனடியாகச் சரிசெய்ய இடமுண்டு. ஆனால் அது சேதக் கணக்கெடுப்பில் இடம்பெற்றவற்றுக்கே செல்லும். கஜாவுக்குப் பின் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது. ஒன்றிய அரசு அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புதல் அளித்த கூடுதல் உதவி 1,146 கோடி. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்கும்போது, மின்கம்பமும் வீடும் தென்னையும் போக எஞ்சியதில் கரைவழிக்கு முறை வராது. புயல் அடித்த அந்த வாரத்திலேயே உங்கள் ஊர்ச் சேதப் பட்டியலில் கரையும் கண்ணாறும் எழுதப்பட்டனவா என்று பார்த்துக்கொள்வது ஒன்றே செய்யக்கூடியது. கணக்கெடுப்பு முடிந்தபின் அழுது பயனில்லை.

உண்மையில் பணம் ஆண்டுதோறும் வந்துகொண்டிருப்பது வேறோர் இடத்தில். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. ஆறுகள் வறண்டிருக்கும் இடைக்காலத்தில் படுகை முழுவதும் தூர்வாரும் பணி நடைபெறுகிறது. அப்பணியில் வெட்டியெடுக்கும் மண்ணைப் பொக்லைன் இயந்திரம் கரையின் தலைப்பிலேயே குவியல் குவியலாகக் கொட்டிவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது வழியை அடைக்கிறது. முதல் மழைக்குப் பாதி திரும்பவும் ஆற்றிலேயே இறங்குகிறது. அந்த மண்ணைக் கொண்டே சரிந்த பகுதிகளையும் மரக்குழிகளையும் நிரப்பி, மேல்தளத்தைச் சமன்செய்து இறுக்க வேண்டும் என்ற வரி பணி மதிப்பீட்டில் இருந்தால், கூடுதல் செலவு சொற்பம். மரக்குழிக்குள் மண்ணை அப்படியே தள்ளிவிடாமல், மட்கிய வேர்களை அகற்றி, முக்கால் அடி கனத்துக்கு மேற்படாத அடுக்குகளாக நனைத்து இறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். உறுப்பினரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இந்த ஒரு வரிக்கான பரிந்துரையை. மதிப்பீடுகள் தயாராகும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கேளுங்கள். ஏப்ரலில் கேட்டால், ஒப்பந்தப்புள்ளி விட்டாயிற்று என்ற பதிலே வரும்.

கேள்வி: கரைமேல் பேவர் பிளாக் பதித்து மின்விளக்கும் அமைக்குமாறு கேட்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நகராட்சிப் பூங்காவில் கேளுங்கள். மண்கரையின் மேல் கல்லைப் பதித்தால் அடியில் மண் இறங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போகும். வெள்ளக்காலத்தில் மணல் மூட்டையும் சவுக்குக் கம்பும் ஏற்றிவரும் வண்டியின் பாரத்துக்கு அது உடையும். மீண்டும் பழுதுபார்க்க நிதி கேட்டு நிற்பீர்கள். நடப்பவர்களின் காலுக்கும் மண்ணே இதம்.

கேள்வி: கோடியக்கரைக் காட்டுக்குள் கஜாவில் விழுந்த மரங்கள் பாதைகளை மறித்தன. காட்டுப்பாதைகளுக்கும் இவ்வாறே மனு கொடுக்கலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: அது முற்றிலும் வேறு சட்டத்தின்கீழ் வருவது. கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம்; வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நடப்பதற்கே இடமில்லை. கரையில் விழுந்த மரத்தை எடுக்க வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, காட்டில் விழுந்த மரத்தைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும் என்பதும் அவ்வளவு உண்மை. அது மட்கி மண்ணாவதும் அதன் நிழலில் கன்றுகள் எழுவதும் அந்த உலர் பசுமைமாறாக் காடு தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் முறை. வெளிமான் மேயும் புல்வெளியில் நமக்கு வசதியான வழிகள் பெருக வேண்டும் என்று கேட்பதும் முறையன்று. ராமர் பாதம் வரை செல்லும் வழி போன்று பொதுமக்களுக்கு அனுமதியுள்ள தடங்களுக்கு மட்டும், நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் இதுவே பதில்.

கேள்வி: 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரக யாத்திரை சென்ற வழியை நினைவு நடைபாதையாக அறிவித்தால், அதன் பெயரில் நிதி கிடைக்க வாய்ப்புண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இக்கடிதங்களில் எம்மை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் 1930 ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக அம்மாத இறுதியில் வேதாரண்யம் சேர்ந்தனர். தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, அவர்கள் எடுத்துக்கொள்ளச் செய்தார்கள் என்பது இப்பகுதியில் இன்றும் சொல்லப்படுவது. வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. யாத்திரையை நினைவுகூரும் நடைப்பயணமும் நடத்தப்பட்டு வருகிறது.

பெயருக்கு நிதியை ஈர்க்கும் ஆற்றல் உண்டு என்பதை அப்பலாச்சியப் பாதையே காட்டுகிறது. ஆனால் தொண்டர்கள் நடந்த வழியில் பெரும்பகுதி இன்று பேருந்தும் லாரியும் விரையும் சாலை. கிளையில் பொட்டலம் கட்டுவதற்குச் சாலையோரத்தில் மரமே இல்லாத இடங்கள் பல. புயல் சாய்த்தவை சில, அகலப்படுத்துவதற்காக வெட்டியவை பல. வழி முழுவதையும் அறிவிக்கக் கோரினால் பெயர்ப்பலகைகளோடு நின்றுவிடும் என்பது எம் ஐயம். நீடாமங்கலத்தில் வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து மன்னார்குடி வரை, சாலைக்கு மாற்றாகப் பாமணியாற்றுக் கரையை ஒட்டி ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து, அங்கே கரையைச் சீராக்கி நிழல்மரம் வைக்குமாறு கேட்டால் அது நடக்கக்கூடிய கோரிக்கை. இதற்குச் சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். அக்குழு பொதுமக்களிடமிருந்து நேரடியாக மனு பெறுவதோடு மாவட்டங்களுக்கும் வந்து ஆய்வு செய்கிறது.

கேள்வி: மனுவில் என்னென்ன எழுத வேண்டும்? நாங்களே மண்வெட்டியோடு இறங்கினால் தவறா?
– வாசகர்கள் சிலர், பேராவூரணி, நன்னிலம்

பதில்: மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆற்றின் பெயர், இடது கரையா வலது கரையா, எந்த மதகிலிருந்து எந்தப் பாலம் வரை, நீளம் எத்தனை மீட்டர் என்பது முதல் வரியிலேயே வரட்டும். நீர் ஓடும் திசையை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பதே இடது கரை. இதை மாற்றி எழுதியதால் பொறியாளர் எதிர்க்கரையைப் பார்த்துவிட்டுச் சேதம் இல்லை என்று எழுதிய கதைகள் உண்டு. லஸ்கரிடம் கேட்டால் அந்த இடத்தின் நெடுகையை, அதாவது ஆற்றின் தலைப்பிலிருந்து உள்ள தொலைவை, கிலோமீட்டர் கணக்கில் சொல்வார். அதை எழுதிவிட்டால் அலுவலகத்தில் வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஒவ்வொரு குழிக்கும் அருகில் ஓர் ஆளை நிறுத்தி, நாள் தெரியும்படி படம் எடுத்துச் சேர்க்கவும்.

மனுவைக் கொடுப்பதற்கு முன் கிராமசபையில் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும். தூர்வாரும் மதிப்பீட்டுக்கு முந்திக்கொள்ள நவம்பர்க் கூட்டமே ஏற்றது. தீர்மான நகலுடன் ஒரு படியைச் சட்டமன்ற உறுப்பினருக்கும், ஒன்றை நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கும், ஒன்றைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியருக்கும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், மதிப்பீட்டில் உங்கள் இடம் சேர்க்கப்பட்டதா என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

மண்வெட்டியைப் பற்றி: ஆற்றுக்கரையை அனுமதியின்றி வெட்டவோ, மண் எடுத்து நிரப்பவோ கூடாது. நல்லெண்ணத்தோடு தளர்வாகப் போட்ட மண் முதல் வெள்ளத்தில் கரைந்து உடைப்புக்கு வழிவிட்டால், பொறுப்பு உங்கள் தலையில் விழும். உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு, வழியை மறிக்கும் சீமைக்கருவேலத்தை அகற்றலாம். வெளிச்சரிவில் வெட்டிவேர் நடலாம். பனை விதையை விதைப்பதானால் மேல்தளத்தில் வேண்டாம், வெளிச்சரிவின் அடியில் விதையுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று வேலை நடக்கும் நாளில் கையில் இருக்கட்டும்.